சிறுநீரில் ரத்தம் முதல் ஆய்வுச் சிகிச்சை வரை: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி பக்கத்துக் குடும்பங்கள் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்கள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். இந்த நோய்களில் மக்கள் செய்யும் தவறு இரண்டே வகை. நிதானமாக யோசிக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கும் இடத்தில் பதறுகிறார்கள். ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாத இடத்தில் "சாந்திக் கல்யாணம் முடியட்டும், படைப்பு முடியட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். எங்கே அவசரம், எங்கே நிதானம் என்பதை மருத்துவ ஆய்வுகள் பெருமளவுக்குக் காட்டிவிட்டன. அந்த ஆய்வுகளின் எண்களோடு பதில் எழுதியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன.

1. "யூராலஜி கேன்சர்னா கிட்னி கேன்சர்தானே?"

சிறுநீரகம் அதில் ஒன்றுதான். சிறுநீர்ப்பை, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி, விதை, ஆண்குறி எல்லாமே இதற்குள் வரும். ஒன்றின் சிகிச்சை இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே "அவருக்கும் இதே கேன்சர்தான், ஊசியிலேயே சரியாயிட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த உறுப்பு என்று முதலில் கேளுங்கள். பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட். சிறுநீரகச் செயலிழப்பையும் டயாலிசிஸையும் பார்க்கும் நெஃப்ராலஜிஸ்ட் வேறு.

2. "அப்பச்சிக்கு ஒரு நாள் ஒன்னுக்கு ரத்தமாப் போச்சு, வலியே இல்ல. இளநி குடிச்சதும் நின்னுருச்சு. சூடுதானே?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வலியோடு ரத்தம் போனால் கல்லோ கிருமித்தொற்றோ இருக்க வாய்ப்பு அதிகம். வலியில்லாமல் போகும் ரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். அது தானாகவே நிற்கும். கட்டியின் மேல்பரப்பில் ஒரு சின்ன நாளம் கசிந்து அடைபடும், சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி கசியும். நின்ற நாளில் எதைக் குடித்திருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. இளநீரில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் ரத்தத்தை நிறுத்தியது அது அல்ல. கண்ணால் பார்க்கும்படி ரத்தம் போனவர்களை முழுதாகப் பரிசோதித்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதல் ஐந்தில் ஒருவருக்கு வரை புற்றுநோய் தெரியவருகிறது.

செய்ய வேண்டியவை: சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன், பிறகு சிஸ்டோஸ்கோபி எனப்படும் உள்நோக்கிச் சோதனை. சிறுநீரகமும் அதிலிருந்து வரும் குழாயும் சேர்ந்த மேற்பாதையைப் பார்க்கச் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. யூரோகிராம். இங்கே தவறு நடப்பது ஸ்கேனில்தான். "ஸ்கேன் நார்மல்" என்றதும் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். சில மில்லிமீட்டர் கட்டியும், பையின் உள்சுவரில் தட்டையாகப் படரும் வகையும் ஸ்கேனில் தெரியாது. உள்ளே கேமரா போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வளையும் குழாய் என்றால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல் தடவி, மயக்கம் கொடுக்காமல் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கே வீடு திரும்பலாம்.

புகைப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம். சுருட்டும் பீடியும் நுரையீரலோடு நிற்பதில்லை. நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது.

3. "ஹார்ட்டுக்கு ரத்தம் மெலியுற மாத்திரை சாப்பிடுறாங்க. அதனாலதான் ரத்தம் வருதுன்னு விட்டுட்டோம்."

விடக்கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எதுவும் இல்லாத இடத்தில் ஓட்டை போடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டியைச் சீக்கிரம் கசிய வைத்துக் காட்டிக்கொடுக்கின்றன, அவ்வளவே. கேள்வி 2-இல் சொன்ன எல்லாச் சோதனையும் இவர்களுக்கும் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

4. "ஆச்சிக்கு இந்த வருஷத்துல நாலு தடவை நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாச்சு. திரும்பத் திரும்ப வருது."

பெண்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களைவிடக் குறைவு. அதனாலேயே தாமதமாகத் தெரிகிறது, எரிச்சலோடு ரத்தம் என்றாலே தொற்று என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கேள்வி போதும்: நான்கு தடவையும் கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா? வளரவில்லை என்றால், அல்லது மருந்து முடிந்த பிறகும் சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தால், ஐந்தாவது ஆன்டிபயாட்டிக் வேண்டாம், சிஸ்டோஸ்கோபி வேண்டும். நம் நாட்டில் சிறுநீர்ப் பாதைக் காசநோயும் இதே மாதிரி காட்டும். சிறுநீரில் சீழணு இருக்கும், சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராது. அதையும் தேடச் சொல்லுங்கள்.

5. "ஐயாவுக்கு வயசு 68. பி.எஸ்.ஏ. 6.8-ன்னு வந்திருக்கு. கேன்சர்தானா?"

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் ஏறும், வயதில் வரும் சாதாரண வீக்கத்திலும் ஏறும், தொற்றிலும் ஏறும். வழக்கமாக மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் வரை சரி என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். 4-க்கு மேல் போனாலே புற்றுநோய் என்றும் இல்லை, கீழே இருந்தால் இல்லவே இல்லை என்றும் இல்லை.

முதலில், அந்த ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். சிறுநீர் அடைத்துக் குழாய் போட்ட வாரத்தில் எடுத்த பி.எஸ்.ஏ.வுக்கு மதிப்பே இல்லை, ஆனால் எடுப்பது அப்போதுதான் அதிகம். தொற்று இருந்தால் சரியாகி ஆறு வாரம் கழித்து எடுங்கள். விந்து வெளியேறிய பின் இரண்டு நாள் விடுங்கள், நீண்ட தூரம் சைக்கிள் மிதித்த பிறகும் அப்படியே. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் மறுபடி எடுங்கள்.

அடுத்து, மாத்திரை. நீர் சரியாகப் பிரிய டாம்சுலோசினோடு டூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு சேர்ந்த கூட்டு மாத்திரையைப் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இந்த இரண்டாவது மருந்து ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் காட்டும். ரிப்போர்ட்டில் 3.5 என்றிருந்தால் உண்மையில் 7 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "நார்மல்" என்று மகிழ்ந்து ஃபைலை மூடிவிட்ட ரிப்போர்ட்டுகளில் இப்படிப்பட்டவை கணிசம். மாத்திரை அட்டையை யூராலஜிஸ்டிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, சுரப்பியின் அளவு. ஸ்கேனில் 60 மி.லி. என்றிருந்தால் 6.8-ஐ 60-ஆல் வகுக்க 0.11 வரும். அந்த அளவுச் சுரப்பிக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. சுரப்பி 25 மி.லி. மட்டும் என்றால் 0.27. ஏறக்குறைய 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் கூச்சப்பட்டுத் தவிர்க்காதீர்கள். பி.எஸ்.ஏ. குறைவாக இருக்க, கையில் கல் போலத் தட்டுப்படும் புற்றுநோயும் உண்டு.

6. "அப்ப அம்பது வயசு ஆனா எல்லாரும் வருஷா வருஷம் பி.எஸ்.ஏ. எடுக்கணுமா?"

ஐரோப்பாவில் 55 முதல் 69 வயது வரையுள்ள 1,62,000 ஆண்களை வைத்து 1993-இல் தொடங்கிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு இது: சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய்ச் சாவு 13 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு சாவைத் தடுக்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. பலன் உண்டு, சிறியது. தேவையில்லாத சிகிச்சைக்கு இழுத்துக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. அண்ணன் தம்பிக்கோ தகப்பனாருக்கோ இந்த நோய் இருந்தால் 45 வயதில் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நியாயம். வேறு நோய்களால் தளர்ந்துபோன 80 வயதுக்காரருக்கு "மாஸ்டர் செக்கப்" பொட்டலத்தில் சேர்த்து எடுப்பது குடும்பத்துக்குக் கவலை வாங்கித் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

7. "ஊசி குத்தி பயாப்சி எடுத்தா பரவிடும்ங்கிறாங்களே?"

புராஸ்டேட்டில் இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் முடியாது. விதையில் மட்டும் இந்தப் பயம் சரியானது. அங்கே ஊசி குத்தவே கூடாது, ஏன் என்று கேள்வி 15-இல் வருகிறது.

புராஸ்டேட் பயாப்சியில் பயப்பட வேண்டியது கிருமி. ஆசனவாய் வழியாக எடுக்கும்போது மலக்குடல் கிருமி ரத்தத்தில் கலக்கலாம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுத்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எந்த வழி என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுத்த பிறகு சில நாள் சிறுநீரிலும், சில வாரம் விந்திலும் ரத்தம் தெரிவது இயல்பு. குளிரோடு காய்ச்சல் வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

8. "எம்.ஆர்.ஐ. முதல்ல எடுக்கச் சொல்றார் டாக்டர். பத்தாயிரம் ஆகுமாம். நேரா ஊசி குத்துனா என்ன?"

முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பதே சரியான வரிசை. பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ப்ராமிஸ் ஆய்வில், பொருட்படுத்த வேண்டிய புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைச் சுட்டியது, பழைய முறைப் பயாப்சி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் எதுவும் தெரியாததால் கால்வாசிப் பேருக்குமேல் ஊசியே தேவைப்படாது. அடுத்த ஆண்டு வெளியான ப்ரிசிஷன் ஆய்வில் 500 பேர். எம்.ஆர்.ஐ. பார்த்து, சந்தேகமான இடத்தில் மட்டும் குத்தியவர்களில் 38 சதவீதத்தினரிடம் முக்கியமான புற்றுநோய் கிடைத்தது. பொதுவாகக் குத்தியதில் 26.

வரிசையை மாற்றினால் வரும் தொல்லை இது: பயாப்சியில் உள்ளே கசிந்த ரத்தம் எம்.ஆர்.ஐ. படத்தைக் குழப்பும், பல வாரம் காத்திருக்க வேண்டிவரும். ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை எண் இருக்கும். 1, 2 என்றால் ஆறுதல், 4, 5 என்றால் பயாப்சி அவசியம். 3 வந்தால் கேள்வி 5-இல் வகுத்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார்கள். பி.எஸ்.ஏ. நூறைத் தாண்டி, எலும்பு வலியோடு வந்தவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவருக்கு நோய் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல.

9. "ரிப்போர்ட்ல 3+3=6-ன்னு இருக்கு, கேன்சர்தான்னும் இருக்கு. ஆனா டாக்டர் இப்ப எதுவும் வேணாம், பாத்துக்கிட்டு இருப்போம்ங்கிறார். கைவிட்டுட்டாரா?"

கைவிடவில்லை. இதைச் சரியாகச் சொல்லும் மருத்துவர் கிடைத்தது அதிர்ஷ்டம். அந்த எண்கள் கிளீசன் மதிப்பெண், கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டுபவை. 6 என்பது மிகச் சாதுவான முதல் தரம், 3+4 இரண்டாம் தரம், 4+3 மூன்றாம் தரம், 8 நான்கு, 9-ம் 10-ம் ஐந்து. 3+4-க்கும் 4+3-க்கும் கூட்டினால் 7தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலில் நிற்கும் எண்தான் அதிகமாகப் பரவியிருக்கும் வகையைக் காட்டுகிறது.

பிரிட்டனின் ப்ரொடெக்ட் ஆய்வில் சுரப்பிக்குள்ளேயே நின்ற நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. பெரிய வித்தியாசமில்லை. நோய் வேறிடத்துக்குப் பரவியது மட்டும் கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7. ஆகவே சும்மா இருப்பது வேறு, கண்காணிப்பு வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி எல்லாம் அதில் உண்டு. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியாத குடும்பம் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

10. "எலும்புக்குப் பரவிருச்சாம். விதையை எடுக்கணுங்கிறாங்க. புராஸ்டேட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அந்த ஹார்மோன் பெரும்பாலும் விதையில் சுரக்கிறது. அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் இதைக் காட்டினார், 1966-இல் நோபல் பரிசு பெற்றார். விதையை எடுப்பது சின்ன அறுவை, ஒரே செலவு. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசியும் அதே வேலையைச் செய்யும், ஆனால் ஆயுளுக்கும் போட வேண்டும். வெளியூர் போய்த் தவணை தவறுகிறவர்களுக்கு அறுவையே பாதுகாப்பு. தவணை தள்ளிப்போனால் ஹார்மோன் மறுபடி எழுந்துவிடும்.

இப்போது இதை மட்டும் செய்வது போதாது. அபிராட்டிரோன் போன்ற மாத்திரையைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் தெளிவாக நீள்கிறது என்று 2017-இல் வெளியான லாட்டிட்யூட், ஸ்டாம்பீட் ஆய்வுகள் காட்டின. அபிராட்டிரோனை வெறும் வயிற்றில், பிரெட்னிசோலோனோடு எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் ஏறும் அளவு பல மடங்காகும். பக்கத்துப் படுக்கைக்காரர் வேறு அளவில் சாப்பாட்டோடு எடுக்கிறார் என்று நீங்களும் மாற்றாதீர்கள், அது அவர் மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் சோதனை மூன்றையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் நின்றால் எலும்பு மெலியும். பெரிய வீடுகளில் படுக்கை முகப்புப் பக்கம், கழிப்பறை பின்கட்டில். இரவில் நான்கு தடவை எழுந்து, ஈரமான ஆத்தங்குடித் தரையில் நடந்து வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது புற்றுநோயைவிட முந்திக்கொள்கிறது. படுக்கையருகே யூரின் கேன், வழியில் விளக்கு, கால்சியம், வைட்டமின் டி. இவற்றை முதல் ஊசி போடும் நாளிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

11. "கரண்டு வைக்க எட்டு வாரம் மதுரையிலேயே தங்கணுமா?"

கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சைப் புராஸ்டேட்டுக்குக் கொடுக்க முன்பு அப்படித்தான். பிரிட்டனில் 3,216 ஆண்களிடம் நடந்த சிப் ஆய்வு 2016-இல் வெளியான பிறகு, 37 நாள் கொடுத்ததை 20 நாளில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆபத்து குறைந்த, நடுத்தர வகைகளில் ஐந்தே தடவையில் முடிக்கலாம் என்று பேஸ்-பி ஆய்வு 2024-இல் காட்டியது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஐந்து தடவைக் குழுவில் 95.8 சதவீதம், வழக்கமான குழுவில் 94.6. ஐந்து தடவை முறைக்கு அன்றாடம் படம் பார்த்துக் குறிவைக்கும் கருவி வேண்டும், எல்லா மையத்திலும் இருக்காது. தங்குமிடம் பார்க்கும் முன் "எத்தனை தடவை?" என்று கேளுங்கள்.

எல்லாருக்கும் குறைவுதான் நல்லது என்றில்லை. நிணநீர் முடிச்சுக்குப் பரவும் ஆபத்து அதிகமுள்ள 224 பேரை வைத்து மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை நடத்திய ஆய்வில், இடுப்புப் பகுதி முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டில் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறவில்லை. சுரப்பிக்கு மட்டும் கொடுத்தவர்களில் அது 81.2 சதவீதம். நம் நாட்டு நோயாளிகளிடமே நடந்து 2021-இல் வெளியான ஆய்வு.

12. "பைக்குள்ள இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தாச்சு. ஒரு மாசத்துல மறுபடி சுரண்டணும்ங்கிறாங்க. முதல்ல சரியா எடுக்கலையா?"

கட்டி சிறுநீர்ப்பைச் சுவரின் மேல்பூச்சோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதில்தான் பாதை பிரிகிறது. மேலோடு நின்றால் மருந்து, தசைக்குள் போனால் பெரிய சிகிச்சை. எடுத்த துண்டில் தசை இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். பயாப்சி ரிப்போர்ட்டில் "தசை உள்ளது, கட்டி அதில் இல்லை" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தசையே வரவில்லை என்றால் அந்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். தசை வந்திருந்தாலும், பூச்சுக்கு அடியில் உள்ள படலத்தைத் தொட்ட கட்டி என்றால் 2 முதல் 6 வாரத்தில் இரண்டாம் தடவை சுரண்டுவது விதி. மிச்சம் கிடைப்பது சாதாரணம், அது மருத்துவரின் குறையல்ல.

13. "குழந்தைக்குப் போடுற பி.சி.ஜி.யைப் பைக்குள்ள விடுறாங்களாம். காசநோய் வராதா?"

அதே பி.சி.ஜி.தான். சென்னை கிண்டியில் 1948 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருந்ததால் தமிழ்நாட்டுக்குப் பழக்கமான பெயர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியதும் 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வுதான். சிறுநீர்ப்பையில் அது வேலை செய்யும் விதம் வேறு. உயிருள்ள கிருமி பையின் சுவரை உசுப்பிவிட, உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு கட்டியணுக்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. கனடாவின் யூராலஜிஸ்ட் அல்வாரோ மொராலெஸ் 1976-இல் இதை முதலில் வெளியிட்டார்.

சுரண்டிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் விட்டு, வாரம் ஒன்றாக ஆறு தடவை. பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம். ஆபத்து அதிகமான வகைக்கு மூன்று ஆண்டு வரை இப்படி. ஆறு முடிந்ததும் "சரியாயிருச்சு" என்று நிறுத்துவதே இங்கே பெரிய தவறு. அன்றைக்குக் காலை தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, பிளீச் கரைசல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கழிப்பறையைத் தனியாக்குங்கள்.

குழாய் போடும்போது ரத்தம் வந்தாலோ, சிறுநீரில் தொற்று இருந்தாலோ அன்றைக்கு மருந்து விடக்கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் இயல்பு. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு நாள் நின்றால் உடனே காட்டுங்கள், அரிதாகக் காசநோய் மருந்து தேவைப்படும். அப்போது பைராசினமைடு சேர்க்க வேண்டியதில்லை, பி.சி.ஜி. கிருமி அதற்கு அசையாது. காசநோய் மருத்துவர் வழக்கமான நாலு மருந்தையும் எழுதினால் இதை நினைவூட்டலாம்.

14. "தசைக்குள்ள போயிருச்சு, பையையே எடுக்கணும், அதுக்கு முன்னாடி கீமோவும் போடணுமாம். சிறுபீளைக் கஷாயம் குடிச்சுப் பாத்துட்டுப் போகலாமா?"

இது தள்ளிப்போடக் கூடாத வகை. அறுவைக்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஐந்தாண்டு பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுகிறார்கள். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 மி.லி.க்கு மேல் இருந்தால்தான் முழுதாகக் கொடுப்பார்கள். கட்டி குழாயை அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் முதலில் அந்த அடைப்பைத் திறக்க வேண்டும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளைக்கு நீரைப் பெருக்கும் செடி என்று நம் வைத்தியத்தில் பெயர் உண்டு. கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கீமோ நாட்களில் உடம்பின் நீர் அளவை மருத்துவர் சொட்டுக் கணக்கில் சமன் செய்துகொண்டிருப்பார், நடுவில் கஷாயம் அதைக் கெடுக்கும். பாஷாணமும் உலோகமும் சேர்ந்த செந்தூர வகைகள் சிறுநீரகத்தையே தொடலாம். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் ஆபத்து. சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை கூடாது.

15. "தம்பிக்கு 24 வயசு. ஒரு பக்க விதை கெட்டியா வீங்கியிருக்கு, வலியில்ல. கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம், அது முடியட்டுமா?"

ஒரு வாரம்கூட வேண்டாம். வலியில்லாத கெட்டி வீக்கம் விதைப் புற்றுநோயாக இருக்கலாம். விதைப்பை ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று ரத்தச் சோதனையும் அறுவைக்கு முன்பே எடுக்க வேண்டும். விதையை எடுக்கும் அறுவை தொடை இடுக்கின் மேல் வழியாகத்தான். விதைப்பையைக் கீறியோ ஊசி குத்தியோ துண்டு எடுத்தால் நிணநீர் வேறு பாதையில் ஓடி நோய் புது இடத்துக்குப் போகும். நீர்வீக்கம் என்று நினைத்து ஊசியால் நீர் உறிஞ்சுவதும் இதே தவறு.

முழுதாகக் குணமாகும் புற்றுநோய்களில் இது முதல் வரிசை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-இல் சிஸ்பிளாட்டின் கூட்டைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து, பரவிய நிலையில்கூடப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்து வையுங்கள், பிறகு நினைத்துப் பயனில்லை. கல்யாணமும் நடக்கும், பிள்ளையும் பிறக்கும்.

16. "கிட்னியில 3 செ.மீ. கட்டி. முழுக் கிட்னியையும் எடுத்துருவாங்களா?"

4 செ.மீ.க்குள் இருந்தால் கட்டியை மட்டும் வெட்டி மீதியைக் காப்பதே முதல் தேர்வு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள வயதில் பாதிச் சிறுநீரகமும் செல்வம். இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. முழுதாக எடுக்கச் சொன்னால், ஏன் பகுதியாக முடியாது என்று காரணம் கேளுங்கள். ரத்தக் குழாயின் நடுவில் உட்கார்ந்திருப்பது நியாயமான காரணம்.

17. "வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. முன்தோல் பின்னால போகல, உள்ள புண்ணு மாதிரி நீர் வடியுது."

ஆண்குறிப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட இந்தியாவில் அதிகம். முன்தோல் இறுக்கம், சுத்தமின்மை, புகையிலை, எச்.பி.வி. வைரஸ் ஆகியவை காரணங்கள். பூஞ்சை மருந்து மூன்று வாரம் தடவியும் ஆறாத புண்ணுக்குத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சீக்கிரம் வந்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். தொடை இடுக்கில் முடிச்சு வந்த பிறகு வந்தால் உயிரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

18. "ஆய்வுல சேரச் சொல்றாங்க. எங்களை வச்சு எலி மாதிரி சோதிச்சுப் பாப்பாங்களா? பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையாமே?"

மேலே நீங்கள் படித்த ஒவ்வோர் எண்ணும் யாரோ சிலர் ஆய்வில் சேர்ந்ததால் கிடைத்தது. புற்றுநோய் ஆய்வில் சிகிச்சையே இல்லாமல் விடுவது வழக்கமில்லை. ஒரு குழுவுக்கு இன்றைய சிறந்த சிகிச்சையோடு புது மருந்து, மற்றதற்கு அதே சிகிச்சையோடு அதேபோல் தெரியும், மருந்தில்லாத வெற்று மாத்திரை. அதைத்தான் சர்க்கரை மாத்திரை என்கிறார்கள். யார் எந்தக் குழு என்பதைக் கணினி குலுக்கிப் போடும், மருத்துவர் தேர்ந்தெடுக்க முடியாது.

வெற்று மாத்திரைக் குழுவில் விழுந்தால் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். வைட்டமின் இ புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து ஆய்வு நடத்தினார்கள். 2011-இல் வந்த முடிவு, வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு நோய் 17 சதவீதம் அதிகம் என்றது. வெற்று மாத்திரைக்காரர்கள்தான் தப்பினார்கள்.

19. "அது உண்மையான ஆய்வுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? காசு கேட்டா?"

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-இல் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தத் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். உங்கள் மருத்துவமனை பெயர் பட்டியலில் இருக்கிறதா, ஆள் சேர்ப்பு நடக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

விவரத் தாள் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்குச் சேரும். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும். ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டால் அதில் ஏதோ தவறு. வழக்கமான சிகிச்சையின் செலவு மட்டும் உங்களுடையதாக இருக்கலாம், எது எது என்று எழுதி வாங்குங்கள். ஆய்வால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளன. புகார் சொல்ல, ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதே தாளில் இருக்கும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி.

20. "சேந்துட்டு நடுவுல வேணாம்னா? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பல்லவன் ரயில்ல சென்னை போக முடியல."

எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பக்கவிளைவைப் பார்க்க ஆள் இல்லாமல் போவீர்கள். பல ஆய்வுகளில் பயணச் செலவு தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. ரத்தச் சோதனையைக் காரைக்குடியிலேயே எடுத்து அனுப்ப அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

21. "மலேசியாவுல இருக்குற மகன் அங்க டாக்டர்கிட்ட காட்டணுங்கிறார். வாட்ஸாப்புல ரிப்போர்ட் போட்டோ போதுமா?"

போதாது. கிளீசன் எண்ணும் தசை பற்றிய வரியும் கண்ணாடித் தகட்டைப் பார்ப்பவரைப் பொறுத்து மாறக்கூடியவை. கேள்வி 9-க்கும் 12-க்கும் உரிய முடிவே அதில் புரளும். நோயியல் ஆய்வகத்தில் கேட்டால் சதைத் துண்டைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளையும், அதிலிருந்து சீவிய தகடுகளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். தகடுகளை அனுப்புங்கள், பிளாக் ஒன்றையாவது ஊரில் வையுங்கள், பின்னால் மரபணுச் சோதனைக்கு அதுதான் வேண்டும். பிளாக் மெழுகால் ஆனது, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காரின் முன் கண்ணாடியருகே வைத்தால் உருகிவிடும். ஸ்கேனுக்கு ஃபிலிம் வேண்டாம், முழுப் படமும் உள்ள சி.டி. டிஸ்க்கையோ பென் டிரைவையோ கேளுங்கள். பி.எஸ்.ஏ. எண்களைத் தேதி வாரியாக ஒரே தாளில், எந்த மாத்திரை எப்போது தொடங்கியது என்ற குறிப்போடு எழுதி மேலே வையுங்கள்.